வடக்கும் தெற்கும் ஒரே லைனில் உட்கார்ந்தால் உற்பத்தி குறையுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் எச்.ஆர். ஆகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. 340 தொழிலாளர்களில் பாதிக்கு மேல் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள். ஒவ்வொரு மாநிலத்தாரையும் தனித்தனி லைனில், அதாவது தனித்தனி மெஷின் வரிசையில், உட்கார வைத்தால்தான் உற்பத்தி தடையில்லாமல் ஓடும் என்கிறார் முதலாளி. நம்மிடம் ஆடை வாங்கும் வெளிநாட்டு பையரோ, கலாச்சாரப் பன்மை பற்றி எல்லோருக்கும் விழிப்புணர்வு வகுப்பு எடுத்து, அதன் பதிவேட்டை ஆடிட்டில் காட்டச் சொல்கிறார். இரண்டில் எது சரி, பல ஊர் ஆட்கள் கலந்து வேலை செய்தால் உற்பத்தி கூடுமா, குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலாளி சொல்வதும் பையர் சொல்வதும் ஒரே நினைப்பிலிருந்து வருகின்றன என்பது என் எண்ணம். ஆட்களின் மனதில் இருக்கும் வேற்றுமைதான் பிரச்சினை என்று இருவருமே நினைக்கிறார்கள். ஒருவர் பிரித்து வைக்கச் சொல்கிறார், இன்னொருவர் பாடம் நடத்தச் சொல்கிறார். 23 வருடம் இதே ஊரில், இதே தொழிலில் ஆட்களை எடுத்தும் உட்கார வைத்தும் சண்டை தீர்த்தும் நான் கண்டது வேறு. வேலை எப்படிப் பங்கிடப்படுகிறது, கூலி எப்படிக் கணக்காகிறது, ஆள் எந்த வழியில் உள்ளே வருகிறார் என்ற மூன்றும் சரியாக இல்லாத இடத்தில்தான் வேற்றுமை உற்பத்தியைத் தின்கிறது. நான் பார்த்தது பின்னலாடைத் தொழில் மட்டும்தான். ஐ.டி. கம்பெனிக்கோ மருத்துவமனைக்கோ இது அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன்.

2011-இல் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். தையல் நடக்கும் பவர் டேபிள் செக்‌ஷனில் பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைத்த பீஸுக்கு இவ்வளவு கூலி என்று, ஓடிய ஒரு லைன். அதில் மூன்று பீகார் டைலர்கள். அவர்களுடைய பீஸ் கணக்கு மற்றவர்களைவிட வாராவாரம் கால் பங்கு குறைவாக வந்தது. சூப்பர்வைசரைக் கேட்டால், “அவனுங்களுக்கு வேகமே வராது சார், அவங்க ஊரு வாகு அப்படி” என்றார். நானும் முதலில் நம்பினேன். பிறகு ஏதோ உறுத்த, வெட்டிய துணிக் கட்டுகளை, அதாவது பண்டில்களை, பிரித்துக் கொடுக்கும் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, நோட்டுப் புத்தகத்தோடு மூன்று நாள் உட்கார்ந்தேன். அன்று ஓடிய ஆர்டரில் வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று நிறம். தைத்தவர்களுக்குத் தெரியும், கறுப்புத் துணியில் கறுப்பு நூலைப் போட்டால் தையல் கண்ணுக்குத் தெரியாது. குனிந்து குனிந்து பார்க்க வேண்டும், பிரித்துத் தைப்பதும் அதில்தான் அதிகம். மூன்று நாளில் வந்த கறுப்பு பண்டில்களில் பெரும்பாலானவை அந்த மூன்று மெஷின்களுக்கே போயிருந்தன.

பண்டில் பிரித்துக் கொடுத்த பையன் கெட்டவன் இல்லை. அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். “கறுப்பைக் கொடுத்தா நம்ம ஆளுங்க சத்தம் போடுறாங்க சார். அவங்க ஒண்ணும் சொல்லாம வாங்கிக்கிறாங்க” என்றான். அவர்கள் ஒன்றும் சொல்லாததற்குக் காரணம், சொல்ல மொழி இல்லை. அவ்வளவுதான். பண்டிலை நம்பர் வரிசைப்படி அடுக்கி, யார் முடித்தாலும் அடுத்த நம்பரைத்தான் எடுக்க வேண்டும் என்று மாற்றினோம். இரண்டு வாரத்தில் அந்தக் கால் பங்கு வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. யாருக்கும் எந்த வகுப்பும் எடுக்கவில்லை.

இது என் ஒரு லைனின் கதை. இதை வைத்துப் பொதுவிதி எதுவும் சொல்ல முடியாது. ஆனால் பின்னாளில் கென்யாவைப் பற்றிய ஓர் ஆய்வைப் படித்தபோது, என் நோட்டுப் புத்தகத்தில் இருந்ததையே யாரோ முறையாக எழுதியதுபோல் இருந்தது. ஜோனாஸ் ஹ்யோர்ட் என்ற பொருளியலாளர் 2014-இல் வெளியிட்டது. அங்கே ஏற்றுமதிக்கு ரோஜாப் பூ கட்டும் ஒரு கூடத்தில் மூன்று பேர் ஒரு குழு. ஒருவர் பூவைப் பிரித்துத் தள்ளுவார், இருவர் கட்டுவார்கள். கட்டுகிறவருக்கு அவரவர் கட்டுக்குக் கூலி. தள்ளுகிறவருக்கு இருவருடைய மொத்தத்தை வைத்துக் கூலி. தள்ளுகிறவர் தன் இனக்குழுவைச் சேர்ந்தவருக்கு அதிகப் பூவையும் மற்றவருக்குக் குறைவாகவும் தள்ளியது கணக்கில் தெரிந்தது. அதனால் அவருடைய சொந்தக் கூலியே குறைந்தும் அப்படிச் செய்திருக்கிறார். 2007 இறுதியில் நடந்த தேர்தலைத் தொடர்ந்து இனக்கலவரம் வெடித்தபோது இந்த ஓரவஞ்சனை இன்னும் கூடியது. பிறகு நிறுவனம் ஒரு காரியம் செய்தது. கட்டுகிற இருவருக்கும் அவர்களுடைய மொத்தத்தை வைத்துக் கூலி என்று மாற்றியது. தன் ஆளுக்கு அதிகமாகத் தள்ளினாலும் அந்த ஆளுக்குத் தனியாக லாபம் இல்லை என்று ஆனதும், அந்த இருவருக்கு இடையே காட்டிய பாரபட்சம் நின்றது. மனம் மாறியதா என்பது வேறு கேள்வி. கூலிக் கணக்கை மாற்றியதும் நடத்தை மாறியது.

நமக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு மேற்கு வங்கத்தில், ஓர் உணவுத் தொழிற்சாலையில் நடந்தது. அர்க்கதேவ் கோஷ் என்பவர் செய்தது. இந்துக்களும் முஸ்லிம்களும் வேலை செய்யும் லைன்களில் சில குழுக்களைக் கலப்பாகவும் சிலவற்றை ஒரே மதத்தாராகவும் அமைத்துப் பார்த்தார். ஒருவர் கை நின்றால் அடுத்தவர் கையும் நின்றுபோகிற மாதிரி இறுக்கமாகக் கோர்த்த வேலைகளில், கலப்புக் குழுக்களின் உற்பத்தி முதலில் குறைந்தது. அவரவர் வேலையை அவரவர் பார்க்கலாம் என்கிற இடங்களில் குறையவில்லை. இறுக்கமான லைன்களிலும் அந்தச் சரிவு சுமார் நான்கு மாதத்தில் மறைந்துபோனது. கலப்பாக வேலை செய்தவர்களுக்கு மற்ற மதத்தாரைப் பற்றிய எண்ணமும் மேம்பட்டிருந்தது.

ஆக, முதலாளி சொல்வதில் உண்மையே இல்லை என்று அவரிடம் வாதாட வேண்டாம். நாளைக்கே எல்லோரையும் கலந்து உட்கார வைத்தால் தையல் லைனில் முதல் சில மாதம் பீஸ் குறைய வாய்ப்பு உண்டு. நம் தையல் லைன் அப்படித்தான் கோர்த்திருக்கிறது. தோள் மூட்டுகிற ஓவர்லாக் மெஷின்காரர் தாமதித்தால் கழுத்து வைப்பவர் சும்மா இருப்பார், அவர் தாமதித்தால் சட்டைக் கை வைப்பவர், பிறகு சைடு, கடைசியில் பாட்டம் மடிக்கிற பிளாட்லாக் மெஷின்காரர். செக்கிங், பிசிர் வெட்டுவது, அயர்னிங் போன்றவற்றில் இந்தக் கோர்வை தளர்வு. அதனால் நான் சொல்லும் வழி, செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் முதலில் கலந்து உட்கார வையுங்கள். தையலில் ஒரே ஒரு லைனை மட்டும், அவசர ஷிப்மென்ட் இல்லாத மாதமாகப் பார்த்துக் கலந்து, நான்கைந்து மாதம் பொறுத்துப் பாருங்கள். அந்தப் பொறுமைக்கு முதலாளியிடம் முன்கூட்டியே வாக்கு வாங்கிவிடுங்கள். இரண்டாவது வாரம் பீஸ் குறைந்ததும் பழையபடி மாற்றச் சொன்னால் நஷ்டம் மட்டும்தான் கையில் மிஞ்சும்.

சரி, அப்படியானால் பிரித்து வைப்பதே சுலபம் அல்லவா என்று அவர் கேட்பார். இன்றைக்குச் சுலபம்தான். ஆனால் அதன் செலவு பின்னால் வரும், நான் அதைப் பலமுறை கட்டியிருக்கிறேன். மாநிலவாரியாகப் பிரித்த லைன் நடைமுறையில் ஆள் கூட்டி வரும் ஒரு கான்ட்ராக்டரின் லைனாகிவிடும். அவருக்கும் உங்களுக்கும் கமிஷனில் மனஸ்தாபம் வந்தால் ஒரே ராத்திரியில் முப்பது பேர் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். லைன் தாமதமானால் அது மூன்றாம் லைன் தாமதம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், “பீகார் லைன்தான் லேட்” என்பார்கள். வேலைச் சண்டை ஊர்ச் சண்டையாகிறது. அதைவிட, புதிதாக வந்த பெண் பத்து வருட அனுபவமுள்ள உள்ளூர் அக்காவின் கைவேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் வாய்ப்பு போய்விடுகிறது. நம் தொழிலில் டைலர் உருவாவது அப்படிப் பார்த்துத்தான். கைமடியாக, அதாவது டைலருக்கு உதவியாளராக, வந்தவர்கள் மெஷினில் ஏறியதும் அப்படித்தான்.

பண்டிகைக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். மேற்கு ஒடிசாக்காரர்களுக்கு நுவாகாய் பெரிய பண்டிகை, புது நெல் படைப்பது, பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள் வரும். கடலோர ஒடிசாவுக்கு ஜூன் நடுவில் ரஜ பண்டிகை. ஜார்க்கண்ட் ஆதிவாசிகளுக்கு கர்மா, சர்ஹுல். அசாமுக்கு நம் சித்திரை முதல் நாளையொட்டி பிஹு. நமக்குப் பொங்கல். ஆட்கள் பலதரப்பட்டவர்களாக இருந்தால் எல்லா மெஷினும் ஒரே வாரத்தில் காலியாவதில்லை. கலப்பால் வருகிற கண்கூடான லாபம் இதுதான், முதலாளிக்கும் இது சட்டென்று புரியும். ஒரு இடத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். பீகாரின் சத் பூஜை தீபாவளி கழிந்து ஆறாவது நாள். தீபாவளிக்கு ஊருக்குப் போன நம்மவர்கள் மெதுவாகத் திரும்பும் அதே வாரத்தில் பீகார்க்காரர்கள் கிளம்பிவிடுவார்கள். அந்த இரண்டு வாரத்துக்கு ஷிப்மென்ட் தேதி ஒத்துக்கொள்ளக் கூடாது என்று, பையரோடு ஆர்டர் பேசும் மெர்ச்சண்டைசரிடம் ஜூலையிலேயே சொல்லி வைப்பேன். கலாச்சார விழிப்புணர்வு என்ற சொல்லுக்கு என் வேலையில் இருக்கும் நேரடியான பொருள் இதுவே. சுவரில் மாட்டுகிற காலண்டரில் யாருடைய நாளெல்லாம் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். செப்டம்பர் 17 விஸ்வகர்மா பூஜை. நம்மவர்கள் ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைத்துப் பொட்டு வைப்பதுபோல, பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா தொழிலாளர்கள் பலர் அன்றைக்குத் தங்கள் கருவிகளைக் கும்பிடுவார்கள். அன்று காலை அரை மணி நேரம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். தன் மெஷினைக் கும்பிடுகிற ஆள் வேறு, நாம் வேறு என்று உள்ளூர் டைலர்களுக்கு அதன்பிறகு தோன்றாது. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஆள் எடுப்பதற்கு வருகிறேன். நீங்கள் இதைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள், ஆனால் முக்கியமானதே இதுதான். பெயரைப் பார்த்தே ஆளை ஒதுக்குகிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. அமெரிக்காவில் மரியான் பெர்ட்ரண்டும் செந்தில் முல்லைநாதனும் பாஸ்டன், சிகாகோ நகர விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். 2004-இல் முடிவு வெளிவந்தது. வெள்ளையர் பெயருக்குப் பத்து விண்ணப்பத்துக்கு ஒரு அழைப்பு, கறுப்பினத்தவர் பெயருக்குப் பதினைந்துக்கு ஒன்று. இந்தியாவில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் இதே முறையைத் தனியார் கம்பெனி விளம்பரங்களில் செய்து 2007-இல் எழுதினார்கள். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், அதே தகுதி கொண்ட தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு.

நம் ஊரில் சாதிப் பெயரைப் பின்னால் போட்டுக்கொள்வதில்லை என்பதால் நாம் தப்பித்தோம் என்று எண்ண வேண்டாம். நேர்காணலில் “எந்த ஊரு?” என்று ஒரு கேள்வி, “அங்க எந்தப் பக்கம்?” என்று இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்வி எதற்கு என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். வடக்கத்தி ஆட்களைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டு இதைப் பேசாமல் விட்டால், பன்மை பற்றி நாம் பேசுவது பாதிதான். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் விண்ணப்பப் படிவத்திலேயே சாதிக்கு ஒரு கட்டம் இருந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை, பழைய படிவம் அப்படியே வந்துகொண்டிருந்தது. அதை எடுத்தோம். “எந்தப் பக்கம்” கேள்வியை நிறுத்த அதைவிட அதிக நாள் ஆனது.

என் தவறையும் சொல்ல வேண்டும். ஆரம்ப வருடங்களில், நேர்காணலில் தலைகுனிந்து உட்கார்ந்து வாயே திறக்காத ஒடிசாப் பெண்களை ‘தன்னம்பிக்கை இல்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தெரியாத மொழியில், பெரியவர் முன்னால், முதல்முறை ஊர் விட்டு வந்த பத்தொன்பது வயதுப் பெண் வேறு எப்படி உட்காருவாள்? நான் அளந்தது தையலை அல்ல, என் ஊர்ப் பெண்களின் உட்காரும் முறையை. பிறகு பேச்சைக் குறைத்து மெஷினுக்கு மாற்றினேன். இரண்டு துண்டுத் துணியைக் கொடுத்து ஒரு சட்டைக் கை மூட்டச் சொல்வது, ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் விழுந்திருக்கிறது, துணி சுருங்கியிருக்கிறதா, எத்தனை நிமிடம் ஆனது என்று எல்லோருக்கும் ஒரே தாளில் மார்க் போடுவது. சோதிப்பதற்கு முன் பத்து நிமிடம் மெஷினைப் பழகவும் விடுங்கள். மத்திய அரசின் தீன்தயாள் கிராமத் திறன் திட்டத்தில் பயிற்சி பெற்று வரும் பெண்கள் வேறு மாதிரி மெஷினில் கற்றிருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே சோதனை, ஒரே மார்க் தாள் என்று வைத்த நேர்காணல், மனம்போனபடி பேசிப் பார்க்கும் நேர்காணலைவிட வேலைத்திறனை நன்றாகக் கணிக்கிறது என்பது பணியாளர் தேர்வு பற்றிய ஆராய்ச்சியில் பல பத்தாண்டுகளாக நிலைத்து நிற்கும் முடிவு. இதை நான் தயங்காமல் சொல்வேன்.

அப்புறம் ‘வடக்கத்தி ஆள்’ என்று ஒரே ஆள் இல்லை என்பதை உங்கள் சூப்பர்வைசர்களுக்குச் சொல்லுங்கள். தன்பாத்திலிருந்து ஆலப்புழை போகும் எக்ஸ்பிரஸ் ராஞ்சி, ரூர்கேலா, சம்பல்பூர், ராயகடா வழியாகத்தான் திருப்பூர் வருகிறது. அந்த ஒரே ரயிலில் இறங்குகிறவர்களிடையே சாத்ரி, ஒடியா, சந்தாலி, குயி என்று எத்தனையோ தாய்மொழிகள். இந்தி அவர்களில் பலருக்கு நமக்கு ஆங்கிலம் மாதிரி. ஒடிசாவின் ராயகடாவிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் சூப்பர்வைசர் தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் ஊசி உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று விளக்கினார். அவளும் தலையாட்டினாள். நம் தொழிலில் உடைந்த ஊசியின் எல்லாத் துண்டும் கைக்கு வந்து, அட்டையில் ஒட்டி, பதிவேட்டில் ஏற வேண்டும், தெரியும் அல்லவா. ஒரு நாள் மெட்டல் டிடெக்டர் கத்தியது. குழந்தை உடைக்குள் ஒரு ஊசிமுனை. அன்று பேக் செய்திருந்த அட்டைப்பெட்டி அத்தனையையும் பிரித்துப் போட்டோம்.

எல்லோரும் மொழிப் பிரச்சினை என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒடியா தெரிந்த பேக்கிங் பெண்ணைப் பக்கத்தில் வைத்துப் பேசியபோது அந்தப் பெண் சொன்னது: ஊசி உடைந்ததைச் சொன்னால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று ஹாஸ்டலில் யாரோ சொன்னார்களாம். விதி அவளுக்குப் புரிந்தே இருந்தது. பயத்தில்தான் மறைத்திருக்கிறாள். அன்றிலிருந்து ஒன்றைக் கடைப்பிடிக்கிறேன். ‘இது அவங்க கலாச்சாரம்’ என்று சொல்லத் தோன்றும்போதெல்லாம், கூலி, கடன், பயம் இந்த மூன்றையும் முதலில் பார்த்துவிடுவேன். சொல்லாமல் லீவு எடுக்கிறார்கள் என்றால், கேட்டால் கிடைக்காது என்று அனுபவம் சொல்லியிருக்கலாம். ஓவர்டைம் வேண்டாம் என்கிறார்கள் என்றால், அந்தப் பணம் கான்ட்ராக்டர் கைக்குப் போகிறதா என்று பாருங்கள். ஒரே வேலைக்கு உள்ளூர் ஆளுக்கு ஒரு கூலி, வெளிமாநில ஆளுக்கு ஒரு கூலி என்று இருந்தால், எந்த விழிப்புணர்வும் அந்த லைனைச் சேர்த்து வைக்காது. வெளிமாநிலத் தொழிலாளருக்கும் அதே கூலி, அதே விடுமுறை, அதே வேலை நேரம் என்று 1979-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது.

சாப்பாட்டிலும் இப்படித்தான். ஹாஸ்டலில் காலையில் இட்லி மீந்து வீணாகிறது, பெண்கள் வெறும் வயிற்றோடு ஷிப்டுக்கு வருகிறார்கள், பத்து மணிக்கு மயங்கி விழுகிறார்கள் என்று ஒரு பிரச்சினை. இவர்களுக்குச் சப்பாத்தி போட வேண்டும் என்று முடிவு செய்து அதையும் போட்டார்கள், அதுவும் மீந்தது. அந்தப் பெண்களுக்கு வேண்டியிருந்தது பகாள். ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் வெங்காயம், மிளகாயோடு சாப்பிடுவது. நம் பழைய சோறேதான். சமையல்கார அம்மா தனக்கென்று ஒரு சட்டியில் தினமும் வைத்துக்கொள்வதை ஒருத்தி பார்த்து, கையால் காட்டிக் கேட்டிருக்கிறாள். “இதையா சாமி கேக்கறீங்க, இதை எப்படி உங்களுக்குப் போடறதுன்னு இருந்தேன்” என்று அந்த அம்மா அடுத்த நாளிலிருந்து பெரிய அண்டாவில் வைத்தார். வேற்றுமையை மட்டுமே தேடியதால், ஒற்றுமை கண்ணெதிரே இருந்தும் எங்களுக்குத் தெரியவில்லை.

பையர் கேட்கும் வகுப்புக்கு வருகிறேன். கட்டாய வகுப்பால் நடத்தை மாறும் என்பதற்கு ஆதாரம் பலவீனம். ஃபிராங்க் டாபின், அலெக்ஸாண்ட்ரா கேலெவ் இருவரும் அமெரிக்க நிறுவனங்களின் பல வருடத் தரவுகளைப் பார்த்து, கட்டாயமாக்கிய பன்மைப் பயிற்சிகள் மேலாளர் பதவிகளில் சிறுபான்மையினரைக் கூட்டவில்லை, சில பிரிவினர் குறைந்தே போனார்கள் என்று 2016-இல் எழுதினார்கள். விருப்பத்தோடு வரும் பயிற்சி, மூத்தவர் இளையவரை வழிநடத்தும் ஏற்பாடு, முடிவுக்கு யார் பொறுப்பு என்று தெளிவாக்குவது ஆகியவை மேலாகப் பலன் தந்தன என்றார்கள். ஆடிட்டுக்காக வகுப்பை நடத்துங்கள், வேறு வழியில்லை. ஆனால் 340 பேரை உட்கார வைத்துப் படம் காட்டுவதற்குப் பதில், பதினைந்து சூப்பர்வைசர்களோடு மாதம் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். அந்த மாதம் நடந்த ஒரு சண்டையையோ ஒரு தப்பு பீஸையோ எடுத்து வைத்துப் பேசுங்கள். ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதை முதல் மாதமே வையுங்கள். ‘ஏய் இந்தி’ என்று கூப்பிடப்படுகிற ஆள் அந்தக் கம்பெனியில் எத்தனை நாள் இருப்பார்? உள் புகார்க் குழுவில் ஒடியாவோ இந்தியோ பேசும் ஒரு பெண்ணைப் போடுங்கள். பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குழு இருந்தும், புகார் சொல்ல மொழி இல்லையென்றால் அது காகிதத்தில் மட்டும்தான்.

சேர்ந்து விளையாட விடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். விடுங்கள், ஆனால் அணி பிரிப்பதைக் கவனியுங்கள். எங்கள் கம்பெனியில் ஒரு மே தினத்தன்று ஒடிசா அணி, தமிழ்நாடு அணி என்று கிரிக்கெட் வைத்தோம். ஒரு எல்.பி.டபிள்யூ.வில் தொடங்கிய சண்டை ஹாஸ்டல் வரை போனது. மறு வருடம் கட்டிங், தையல், பேக்கிங் என்று டிபார்ட்மென்ட் வாரியாக அணி பிரித்தோம், பிரச்சினை இல்லை. பிறகு மேட் லோ என்பவர் உத்தரப் பிரதேசத்தில் இளைஞர்களுக்குக் கிரிக்கெட் லீக் நடத்திச் செய்த ஆய்வை 2021-இல் வெளியிட்டார். வேறு சாதியினரோடு ஒரே அணியில் ஆடியவர்களுக்குச் சாதி தாண்டிய நட்பு கூடியது. வேறு சாதியினருக்கு எதிராக ஆடியதில் அந்தப் பலன் வரவில்லை, நேர்மாறாகக் குறைந்தது.

சந்தேகத்துக்குரியதையும் சொல்லிவிட வேண்டும். பன்மை கூடினால் லாபம் கூடும் என்று மெக்கின்சி நிறுவனம் 2015 முதல் வெளியிட்ட அறிக்கைகளை ஆடிட்டர்கள் மேற்கோள் காட்டுவார்கள். அவை மேல்மட்ட நிர்வாகிகளைப் பற்றியவை, தையல் லைனைப் பற்றியவை அல்ல. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பதற்கு மேல் அவற்றால் நிரூபிக்க முடியாது. ஜெரமையா கிரீன், ஜான் ஹேண்ட் என்ற இரு பேராசிரியர்கள் அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களை எடுத்து அதே உறவைத் தேடியபோது அது கிடைக்கவில்லை என்று 2024-இல் எழுதினார்கள். அதனால் முதலாளியிடம், ‘பல ஊர் ஆட்களை எடுத்தால் லாபம் பெருகும்’ என்று சொல்லாதீர்கள். அடுத்த வருடம் லாபம் குறைந்தால் அந்தப் பழி ஆட்கள் மேல் விழும். தகுதியான ஆளைத் தவறவிடாமல் எடுக்கிறோம், எடுத்த ஆளைத் தக்கவைக்கிறோம் என்பதைச் சொல்லுங்கள். அதற்கு உங்கள் சொந்த வருகைப் பதிவேடே சாட்சி.

தக்கவைப்பது எவ்வளவு முக்கியம் என்று 2023 மார்ச்சில் திருப்பூர் முழுக்கப் பார்த்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் போனில் பரவின. வேறு மாநிலத்தில், வேறு காரணத்துக்கு நடந்த சம்பவங்களை இங்கே நடந்ததாகக் காட்டினார்கள். ஹோலிக்கு ஊருக்குக் கிளம்பும் நேரம் அது. பீகார் அரசே ஒரு குழுவை அனுப்பி விசாரித்தது. ஸ்டேஷனில் பையோடு உட்கார்ந்திருந்தவர்களிடம் போய் நான் பேசினேன். அரசு சொன்னதையோ போலீஸ் சொன்னதையோ அவர்கள் நம்பத் தயாராக இல்லை. எங்கள் லைனில் ஒரு பீகார் டைலருக்குப் பக்கத்து மெஷினில் ஆறு வருடமாக ஒரு உள்ளூர் அக்கா தைக்கிறார். அந்த அக்கா போன் போட்டு, அந்தத் தம்பியின் அம்மாவிடம் பேச வேண்டும் என்றார். அவருக்கு இந்தி வராது, அந்த அம்மாவுக்குத் தமிழ் வராது. நடுவில் அந்தத் தம்பியே மொழிபெயர்த்தான். “நான் பாத்துக்கறேன், பயப்படாதீங்கன்னு சொல்லு” என்றார். அவன் போகவில்லை. தனி லைனில் இருந்தவர்கள் மொத்தமாகப் போய்விட்டார்கள். இது நான் கண்ட ஒரு கூடத்து நிலவரம்தான், எல்லாக் கம்பெனியிலும் இப்படி நடந்தது என்று சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு மெஷினும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தது யார் எந்த மெஷினில் என்று எழுதும் லைன் சார்ட்டில் யாரோ எடுத்த முடிவு.

கடைசியாக நீங்கள் கேட்ட சின்னக் கேள்வி, அறிவிப்புப் பலகைகளைத் தமிழோடு இந்தியிலும் வைத்தால் போதுமா என்பது. போதாது, ஒடியாவிலும் வையுங்கள். படிக்கத் தெரியாதவர்களும் இருப்பார்கள், அதனால் ஊசி, தீ, கழிவறை, புகார் எண் நான்குக்கும் படமும் போடுங்கள். ஒடியா வாசகத்தை போனில் மொழிபெயர்த்து அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடாதீர்கள். பேக்கிங்கில் யாராவது ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, சத்தமாகப் படிக்கச் சொல்லி, அவள் சிரிக்காமல் படித்து முடிக்கிறாளா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். அந்த அரை மணி நேரத்துக்கும் அவளுக்கு ஷிப்ட் கூலி போடச் சொல்லுங்கள்.